தனித்து நிற்கும் மலையைப் படிப்பது எப்படி?

சமவெளியின் நடுவே ஒற்றையாக நிற்கும் மலையைக் கண்டவுடன் எவருக்கும் எழும் கேள்வி, 'இது எப்படி இங்கே முளைத்தது?' என்பதுதான். பெரும்பாலான தனிமலைகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே நம்மைத் தவறான திசையில் கொண்டுபோய்விடும். எரிமலைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தனிமலைகளில் பெரும்பாலானவை முளைத்தவை அல்ல. சுற்றியிருந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து இறங்கிக்கொண்டிருந்தபோது தேயாமல் மிஞ்சியவை. ஆகவே, 'அருகில் இருந்ததெல்லாம் போனபோது இது மட்டும் ஏன் போகவில்லை?' என்று கேட்டுத் தொடங்குவதே சரி. ஒரு தனிமலையின் புவியியலையும் நிலவியலையும் நேரில் ஆராய்ந்து விவரமாக எழுத விரும்புகிறவருக்கு அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

பெயர்களை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஜெர்மானியரான வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட், புல்வெளிக் கடலில் தீவுகளைப் போல எழுந்து நின்ற பாறைமலைகளுக்கு 1900-ஆம் ஆண்டில் 'இன்செல்பெர்க்', அதாவது 'தீவுமலை', என்று பெயரிட்டார். அவற்றுள் வழவழப்பான குவிமாட வடிவம் கொண்டவை இன்று அவர் பெயராலேயே 'போர்ன்ஹார்ட்' என்று அழைக்கப்படுகின்றன. அமெரிக்கப் புவியியலாளர் வில்லியம் மோரிஸ் டேவிஸ், நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் உள்ள 965 மீட்டர் உயரமுள்ள மொனாட்னாக் மலையின் பெயரையே இவ்வகை மலைகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக்கினார். நூல்களில் இச்சொற்கள் கலந்துகிடப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. நம் நோக்கத்துக்குத் தனிமலை என்ற சொல்லே போதும்.

வரைபடத்தில் தொடங்குங்கள்

மலைக்குப் போவதற்கு முன்பாகவே சம உயரக் கோடுகள் வரையப்பட்ட இடவிளக்க வரைபடம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு அதன் முன் சில மணி நேரம் உட்கார வேண்டும். தனிமலை வரைபடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக மூடிய வளையங்களாகத் தெரியும். அந்த வளையங்களுக்கு இடையிலான இடைவெளியில்தான் செய்தி இருக்கிறது. உச்சியில் கோடுகள் அகன்றும் அடிவாரத்தை நெருங்க நெருங்க நெருக்கமாகவும் இருந்தால் சரிவு வெளிநோக்கிப் புடைத்திருக்கிறது என்று பொருள். குவிமாட வடிவக் கருங்கல் மலைகள் இப்படித்தான் காணப்படும். உச்சியருகே நெருங்கியும் அடிவாரத்தில் விலகியும் இருந்தால் சரிவு உள்வளைந்திருக்கிறது. எரிமலைக் கூம்புகளின் அடையாளம் இது. நடுவில் கோடுகளே இல்லாத வெற்றிடமும் அதைச் சுற்றி ஒரே கட்டாக நெருங்கிய கோடுகளும் இருந்தால், உச்சி தட்டையாக உள்ள மேசைமலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இவை மூன்றும் ஊகங்களே. ஆயினும் களத்துக்குப் போகும்போது எதைத் தேட வேண்டும் என்பதை இவை முன்கூட்டியே சொல்லிவிடும்.

அடுத்து ஓடைகளைக் கவனியுங்கள். தனிமலையிலிருந்து ஓடைகள் சக்கரத்தின் ஆரங்களைப் போல எல்லாத் திசைகளிலும் இறங்குவது இயல்பு. அப்படி இறங்காமல் ஓர் ஓடை நெடுந்தூரம் நேர்கோடாகச் சென்று சட்டென்று ஒரு கோணத்தில் திரும்பினால், அது பாறையில் ஏற்கெனவே உள்ள பிளவு ஒன்றைப் பின்பற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிளவுகளைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன். இந்த வேலையில் பாதி அவற்றைப் பற்றியதுதான்.

ஒரு மலை எவ்வளவு 'தனி' என்பதையும் எண்ணால் சொல்ல முடியும். அதன் உச்சியிலிருந்து அதைவிட உயரமான இன்னோர் இடத்துக்கு நடந்து செல்வதாகக் கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் குறைந்தது எவ்வளவு இறங்கியே தீர வேண்டுமோ, அதுவே அம்மலையின் தனித்தெழும் உயரம். கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் உயரமுள்ளது. ஆப்பிரிக்காவில் அதைவிட உயரமான இடம் இல்லாததால், சூயஸ் நிலப்பகுதியைக் கடந்து ஆசியாவுக்குள் போக வேண்டும். அங்கே நிலம் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடப்பதால் கிளிமஞ்சாரோவின் தனித்தெழும் உயரம் 5,885 மீட்டர். உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கே2, 8,611 மீட்டர் உயரமிருந்தும், உயர்ந்த மலைத்தொடர்களுக்கு நடுவே நிற்பதால் அதன் தனித்தெழும் உயரம் ஏறத்தாழ 4,020 மீட்டர்தான். சிறிய குன்றுகளுக்கும் இதே கணக்கைப் போடலாம். எழுதும்போது கடல் மட்டத்திலிருந்து உயரம், சுற்றியுள்ள சமவெளியிலிருந்து உயரம் ஆகிய இரண்டையும் தனித்தனியே கொடுங்கள். ஆஸ்திரேலியாவின் உலூரு கடல் மட்டத்திலிருந்து 863 மீட்டர், சமவெளியிலிருந்து 348 மீட்டர். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டால் படிப்பவர் மனத்தில் வேறொரு மலை உருவாகிவிடும்.

வரைபடம் கிடைக்காத சிறு குன்றானால், கோணமானியைக் கொண்டு நீங்களே உயரத்தை அளக்கலாம். உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளிக்கும் உங்களுக்கும் இடையிலான கிடைத்தூரம் 1,000 மீட்டர், உச்சி தெரியும் ஏற்றக்கோணம் 17 பாகை என்றால், உயரம் ஏறக்குறைய 306 மீட்டர். அடிவாரம் வரையுள்ள தூரத்தை இந்தக் கணக்கில் போட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. மலை அகலமாக இருந்தால் விடை பெரிதும் குறைந்துவிடும்.

ஏறுவதற்கு முன் சுற்றி வாருங்கள்

மலையை அடைந்ததும் நேராக உச்சிக்கு ஏறிவிடுவதைப் போல வீணான செயல் வேறில்லை. உச்சியிலிருந்து சமவெளி தெரியும், மலை தெரியாது. முதல் நாளை விலகி நிற்பதற்கும் இரண்டாம் நாளை அடிவாரத்தைச் சுற்றுவதற்கும் ஒதுக்குங்கள். நான்கு திசைகளிலிருந்தும், சில கிலோமீட்டர் தள்ளி நின்று, மலையின் புறக்கோட்டைக் கையால் வரையுங்கள். புகைப்படம் எடுப்பது இதற்கு மாற்றாகாது. வரையும்போதுதான் எந்த இடத்தில் சரிவு முறிகிறது என்பதைக் கண் பார்க்கிறது. காலை, மாலை நேரங்களில் சாய்வாக விழும் வெயிலில் அடுக்குகளும் பிளவுகளும் நிழற்கோடுகளாகத் தெளியும். உச்சிவெயிலில் அதே மலை வெறும் மொத்தையாகத் தெரியும்.

சில மலைகளில் ஏறவே கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உலூரு, அந்நிலத்துக்குரிய அனாங்கு மக்களுக்குப் புனிதமான இடம். 2019 அக்டோபர் 26 முதல் அதன்மீது ஏறுவது தடை செய்யப்பட்டுள்ளது. சில பகுதிகளைப் புகைப்படம் எடுப்பதையும் அவர்கள் விரும்புவதில்லை. நிலவியல் நோக்கில் இதனால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. அம்மலையின் சுற்றளவு சுமார் 9.4 கிலோமீட்டர், அதை ஒருமுறை நடந்து முடித்தவர், ஏறி இறங்கியவரைவிட அதிகம் தெரிந்துகொண்டிருப்பார்.

அடிவாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, மலையும் சமவெளியும் சந்திக்கும் கோடு. பல தனிமலைகளில் இந்தச் சந்திப்பு வியப்பூட்டும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். ஒரு காலைச் சமவெளியிலும் மறு காலைச் செங்குத்தான பாறையிலும் வைக்கலாம். அவ்விடத்தில் உதிர்ந்த கற்களின் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய குவியல் இருந்தால் பாறை துண்டு துண்டாக உடைந்து விழுகிறது. குவியலே இல்லையென்றால், ஒன்று, பாறை உடையாமல் மணல் மணலாக உதிர்ந்து நீரோடு போகிறது; அல்லது, விழுந்ததெல்லாம் முன்பே சிதைந்து மறைந்துவிட்டது. பாறைச்சுவரின் அடிப்பகுதி உட்குழிந்து, அலை எழும்பி நிற்பது போல வளைந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹைடன் பாறையில், சுமார் 15 மீட்டர் உயரமும் 110 மீட்டர் நீளமும் கொண்ட 'அலைப்பாறை' இவ்வகையில் புகழ்பெற்றது. இவ்வளைவைக் காற்று செதுக்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். பாறையின் அடியில் ஒரு காலத்தில் மண் மூடியிருந்தபோது, அதில் தேங்கிய ஈரம் பாறையைச் சிதைத்துக் குழித்தது என்பதும், பின்னர் மண் அரித்துப் போனதால் குழிவு வெளியே தெரிந்தது என்பதும் நிலவியலாளர்கள் தரும் விளக்கம். இப்படி ஒரு வளைவு கண்ணில் பட்டால், சமவெளியின் மட்டம் முன்பு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு ஒரு சான்று கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாம்.

கல்லைக் கையில் எடுத்தல்

மலையில் சுத்தியலைப் போடாதீர்கள். கீழே விழுந்து கிடக்கும் கற்களே போதும். அவற்றிலும், வெயிலும் மழையும் பட்டுப் பழுத்த மேல்தோலை விட்டு, புதிதாக உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். உலூருவின் சிவப்பு, கல்லில் உள்ள இரும்பு துருப்பிடித்ததால் வந்த மேற்பூச்சுதான். உள்ளே கல் சாம்பல் நிறம். நிறத்தை வைத்துப் பாறைக்குப் பெயர் சூட்டுகிறவர் அங்கேயே தோற்றுவிடுவார்.

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். மணிகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து இடைவெளியின்றி இருந்தால், அது உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து படிகமான பாறை. கண்ணாடிபோல் மங்கி, கத்தி முனையால் கீற முடியாமல் இருப்பது குவார்ட்ஸ், தட்டையான முகங்களில் ஒளியைத் திருப்பி அடிப்பது ஃபெல்ட்ஸ்பார், ஏடு ஏடாகப் பிரிவது அபிரகம். அதே கனிமங்கள் கருப்பும் வெளுப்புமான பட்டைகளாக ஒழுங்குபட்டிருந்தால், அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிய நைஸ் பாறை. மணிகள் தனித்தனியாக இருந்து அவற்றை ஏதோ ஒன்று ஒட்டவைத்தது போலத் தெரிந்தால் மணற்கல். மணற்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் துகள்கள் நிறைய இருந்தால் விழிப்படையுங்கள். ஃபெல்ட்ஸ்பார் நீரில் எளிதில் களிமண்ணாகிவிடும் கனிமம்; அது மணலோடு மணலாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது என்றால், அந்த மணல் பிறந்த மலையிலிருந்து வெகுதூரம் பயணம் செய்யவில்லை, விரைவில் புதைந்துவிட்டது என்று பொருள். உலூருவின் கல் இந்த வகைதான். ஆர்கோஸ் என்பது அதன் பெயர்.

மலையின் கல்லைப் பார்த்ததோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குச் சமமாக, சமவெளியின் அடியில் என்ன பாறை இருக்கிறது என்று தேட வேண்டும். கிணற்றிலிருந்து எடுத்துக் கொட்டிய கல், சாலைக்காக வெட்டிய பள்ளம், ஆற்றுப்படுகையில் தலைநீட்டும் பாறை ஆகியவற்றில் அது கிடைக்கும். சமவெளியில் மென்மையான பாறையும் மலையில் கடினமான பாறையும் இருந்தால் நம் கேள்விக்கு விடை எளிதில் கிடைத்துவிடும். இரண்டிலும் ஒரே பாறை இருந்தால்தான் ஆராய்ச்சி சுவையாகிறது.

பிளவுகளை எண்ணுதல்

ஒரே கருங்கல்லில் ஒரு பகுதி சமவெளியாகவும் மற்றொரு பகுதி மலையாகவும் ஆனதற்குப் பெரும்பாலும் பிளவுகளே காரணம். கருங்கல் தானே நீரை உறிஞ்சுவதில்லை. நீர் அதற்குள் நுழைய வழி வேண்டும். பிளவுகள் நெருக்கமாக உள்ள இடத்தில் நீர் எல்லாப் பக்கமும் புகுந்து ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. எஞ்சும் குவார்ட்ஸ் மணிகள் மணலாக உதிர்கின்றன. பிளவுகள் அரிதாக உள்ள இடத்தில் நீர் பாறையின் மேல் வழிந்து ஓடிவிடுகிறது. ஓடி எங்கே போகிறது என்றால், அடிவாரத்து மண்ணுக்குள். இவ்வாறு உயர்ந்து நிற்கும் பாறை தன்மேல் விழும் மழையைத் தன் சுற்றுப்புறத்துக்கே கொடுத்து அதை மேலும் விரைவாகச் சிதைக்கிறது. ஒருமுறை தலைதூக்கிய பாறை மேலும் மேலும் உயர்ந்து தெரிவதற்கு இதுவே காரணம்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பத்து மீட்டர் அளவுநாடா ஒன்றை மலைப்பாறையின் மேல் விரித்து, அதைக் குறுக்கே வெட்டும் பிளவுகளை எண்ணுங்கள். நாடாவை முதல் திசைக்குக் குறுக்காகத் திருப்பி மறுபடி எண்ணுங்கள். சமவெளியில் தெரியும் பாறையிலும் இதையே செய்யுங்கள். திசைகாட்டியால் ஒவ்வொரு பிளவின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது, அறுபது அளவுகள் சேர்ந்தபின் அவை இரண்டு மூன்று திசைகளில் குவிவதைக் காண்பீர்கள். அத்திசைகளை வரைபடத்தில் நேர்கோடாக ஓடிய ஓடைகளோடு ஒப்பிடும் தருணம் இந்த வேலையின் இன்பங்களில் ஒன்று.

இவை தவிர, மலையின் மேற்பரப்புக்கு இணையாக வளைந்து செல்லும் இன்னொரு வகைப் பிளவும் உண்டு. அதனால் பாறை வெங்காயத்தோல் போல அடுக்கடுக்காக உரிகிறது; மேலே சில சென்டிமீட்டர் தடிமனிலும், ஆழம் செல்லச் செல்லப் பல மீட்டர் தடிமனிலும் ஏடுகள் அமைகின்றன. ஆழத்தில் உருவான பாறையின் மேலிருந்த சுமை அரிப்பால் நீங்கும்போது அது விரிந்து ஏடாகப் பிளக்கிறது என்பது பாடநூல்களில் உள்ள விளக்கம். பூமியின் மேலோட்டில் பக்கவாட்டில் செயல்படும் அழுத்தம் வளைந்த பரப்பின்மேல் வேலை செய்வதால் பிளக்கிறது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மலையின் வடிவம் ஏட்டைத் தீர்மானிக்கிறதா, ஏடு மலையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் விவரிப்பில் ஒரு தரப்பை மட்டும் முடிவான உண்மை போல எழுதாதீர்கள்.

ஒரே வெளியில் மூன்று மலைகள்

நடு ஆஸ்திரேலியாவின் ஒரே சமவெளியில் உலூரு, அதன் மேற்கே காட்டா ஜூட்டா, கிழக்கே மவுண்ட் கானர் என்று மூன்று மலைகள் தனித்தனியே நிற்கின்றன. தூரத்திலிருந்து வருகிறவர்கள் மவுண்ட் கானரை உலூரு என்று நினைத்து ஏமாறுவது வழக்கம். ஆனால் மூன்றும் மூன்று விதம். உலூருவில் மணற்கல் அடுக்குகள் ஏறத்தாழ செங்குத்தாக, 85 பாகை அளவுக்குச் சாய்ந்து நிற்கின்றன. உச்சியில் தெரியும் நீண்ட வரம்புகள் அந்த அடுக்குகளின் விளிம்புகளே. காட்டா ஜூட்டாவோ 36 குவிமாடங்களின் கூட்டம். கூழாங்கற்களும் பெரும் பாறைத் துண்டுகளும் மணலால் ஒட்டப்பட்ட உருள்கற்பாறையால் ஆனது. அதன் அடுக்குகள் மென்மையாகவே சாய்ந்துள்ளன. குவிமாடங்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தாக்குகள் பெரும் பிளவுகளின் வழியே வெட்டப்பட்டவை. மவுண்ட் கானரில் அடுக்குகள் கிடைமட்டமாகக் கிடப்பதால் அது மேசைமலையாக நிற்கிறது. உலூரு, காட்டா ஜூட்டா இரண்டின் கல்லும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே பழைய மலைத்தொடரிலிருந்து அரித்து வரப்பட்ட வண்டல்தான். கல் உருவான இடம், அடுக்கு சாய்ந்த கோணம், பிளவுகளின் இடைவெளி என்ற மூன்றையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எரிமலைச் சார்புடையவற்றில் கிளிமஞ்சாரோ போன்றவை உண்மையிலேயே குவிந்து எழுந்தவை; ஷிரா, மாவென்சி, கிபோ என்ற மூன்று எரிமலைக் கூம்புகள் சேர்ந்ததே அம்மலை. ஆனால் நியூ மெக்சிகோவில் சமவெளியிலிருந்து 483 மீட்டர் எழும் ஷிப்ராக் அப்படிப்பட்டதல்ல. அது ஓர் எரிமலையின் தொண்டையில் உறைந்துபோன அடைப்பு; சுற்றியிருந்த மென்பாறை போய்விட, அடைப்பும் அதிலிருந்து சுவர்களைப் போல விரிந்து செல்லும் குழம்புப் பாறைப் பட்டைகளும் நிற்கின்றன. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோபுரம் போல நிற்கும் டெவில்ஸ் டவரில் பாறை நெடிய பட்டைத் தூண்களாகப் பிளந்திருப்பது, குழம்பு குளிர்ந்து சுருங்கியதன் தடம். இவ்வகைத் தூண்களைக் கண்டால் எரிகுழம்பை நினையுங்கள். ஆனால் மலை எரிமலையாகவே இருந்தது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள், ஏனெனில் குழம்பு நிலத்துக்கு அடியிலேயே உறைந்திருக்கலாம். டெவில்ஸ் டவரைப் பற்றி அந்த விவாதம் இன்றும் நடக்கிறது.

இரண்டு வயதுகள்

தனிமலைகளைப் பற்றிய எழுத்துகளில் நான் அடிக்கடி காணும் பிழை, கல்லின் வயதை மலையின் வயதாகச் சொல்வது. டெவில்ஸ் டவரின் கல் சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையுடையது. அது அன்று நிலத்துக்கு அடியில் இருந்தது, கோபுரமாக வெளிப்பட்டதோ நிலவியல் கணக்கில் மிக அண்மையில். கல்லின் வயது அதில் உள்ள கதிரியக்கத் தனிமங்களிலிருந்து தெரிகிறது. பாறைப்பரப்பு எவ்வளவு காலமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, எவ்வளவு வேகத்தில் தேய்கிறது என்பவற்றை, விண்கதிர்கள் அதில் உண்டாக்கும் பெரிலியம்-10 போன்ற அணுக்களின் அளவிலிருந்து கணிக்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் சில கருங்கல் குன்றுகளின் உச்சி பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே தேய்வது இவ்வாறுதான் தெரியவந்தது. இந்த இரண்டு எண்களையும் நீங்கள் களத்தில் அளக்க முடியாது; ஆய்விதழ்களிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது எது எந்த வயது என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் போதும்.

நீரும் காற்றும் மரங்களும்

தட்பவெப்பத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஈரக்காற்று மோதும் பக்கம் மழை கூடும், மறுபக்கம் குறையும். கிளிமஞ்சாரோவின் தென்சரிவு வடசரிவைவிட ஈரமானது. எந்தப் பக்கம் அடர்த்தியாகப் பச்சை படர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே காற்றின் திசை பிடிபடும். பாறை மேல் உள்ள சுனைகளை அளந்து வையுங்கள். தேங்கிய நீர் அடியைச் சிதைப்பதால் அவை மெல்ல வளர்கின்றன, வரிசையாக அமைந்தால் அவற்றின் கீழே ஒரு பிளவு இருக்கக்கூடும்.

மொட்டையாக உள்ள உச்சியைக் கண்டதும் கல்லையோ குளிரையோ காரணமாக்க வேண்டாம். மொனாட்னாக் மலையின் உச்சி மொட்டையாக இருக்கிறது. ஆனால் மரங்கள் வளர முடியாத உயரம் அல்ல அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடியேறியவர்கள் வைத்த தீயில் காடு அழிந்து, பிடிப்பிழந்த மண் மழையில் கழுவப்பட்டுவிட்டது. மனிதர்கள் செய்ததை மலையின் கணக்கில் எழுதாமலிருக்க, பழைய பதிவுகளையும் அங்குள்ள முதியோரின் நினைவுகளையும் கேட்டுப் பார்ப்பது உதவும்.

எழுதும்போது

குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கண்டதையும் வலப்பக்கத்தில் ஊகித்ததையும் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்குங்கள். 'வடமேற்கு அடிவாரம், பாறை இரண்டு மீட்டர் உயரத்துக்கு உட்குழிந்துள்ளது' என்பது இடப்பக்கத்துக்கு உரியது. 'முன்பு மண்மட்டம் இங்கே இருந்திருக்கலாம்' என்பது வலப்பக்கத்துக்கு உரியது. ஒவ்வொரு குறிப்போடும் நாள், நேரம், ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். விவரிப்பைச் சமவெளியிலிருந்து தொடங்கி மலைக்கு வருமாறு அமைப்பது என் தேர்வு. மலையிலிருந்து தொடங்கினால் சமவெளி பின்னணியாகச் சுருங்கிவிடும், காரணமோ அங்கேதான் இருக்கிறது.

இறுதியாக, நீங்கள் கண்டடைந்த காரணத்துக்கு எதிராக ஒரு சோதனை வையுங்கள். பிளவுகள் அரிது என்பதால் மலை நின்றது என்று முடிவுசெய்திருந்தால், மலையிலேயே பிளவுகள் மிகுந்த ஒரு பகுதியைத் தேடிப் போங்கள். அங்கே பள்ளமோ தாழ்ந்த தோளோ இருக்க வேண்டும். இல்லையென்றால் நாடாவை எடுத்துக்கொண்டு சமவெளிப் பாறைக்குத் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.